சரிசெய்யப்பட்டது

காட்டுப்பாக்கம்
20-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயராமன் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே ரேவதி, வர்ஷா, நான் மூவரும் சுகம். மாமாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? புதிதாக வாங்கிய காது மிஷினை நீ பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாயாம். மாமா வர்ஷாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர்க்குரலையெல்லாம் காதில் வாங்கியவள் நீ. இப்போது உன்னோடு பேச நான் பேனாவைத் தேட வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு விதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் இங்கே பெய்த மழையை டி.வி.யில் பார்த்திருப்பாய். நான்கு நாள் நான் வீட்டுக்கு வரவில்லை. திருமழிசை பிரிவு அலுவலகத்திலேயே பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். ஏரித் தண்ணீர் தொழிற்பேட்டைக்குள் வந்துவிட்டது. எங்கள் குசஸ்தலை மின்பகிர்மான நிறுவனத்தில் முன்பு பன்னிரண்டு பேர் பார்த்த வேலையை இப்போது ஃபோர்மேன் நான், லைன்மேன் ஜேம்ஸ், இன்னும் மூன்று ஒப்பந்த ஆட்கள், ஆக ஐந்து பேர் பார்க்கிறோம். இருந்தும் மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் கரண்ட் கொடுத்துவிட்டோம்.

ஒரு சாவு மட்டும் நடந்துவிட்டது. பேட்டைக்குப் பின்னால் குளக்கரைத் தெருவில், மதியம் இரண்டு மணி இருக்கும், ஒருவர் பில்லர் பெட்டியில் கைவைத்து இறந்துபோனார். தரைக்கடியில் வரும் கேபிளை வீடுகளுக்குப் பிரித்துக்கொடுக்கத் தெருவோரம் இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்குமே, அதுதான். பூட்டைத் திறந்து திருட்டுத்தனமாகக் கரண்ட் எடுக்கப் பார்த்தாராம். அறிக்கை மேலே போய்விட்டது. நம் கையில் என்ன இருக்கிறது?

அடுத்த வருஷம் டிசம்பரோடு நான் ரிட்டயர். வர்ஷாவுக்கு அதற்குள் ஒரு நல்ல இடம் அமைந்தால் நிம்மதி. அம்பத்தூரில் அவள் ஆபீஸுக்குப் போய்வரும் பஸ் பாடுதான் பெரும்பாடாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி ஜெயராமன்



காரைக்குடி
27-10-2024

அன்புத் தம்பி ஜெயராமனுக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் மாமாவும் நலம். அவருடைய முழங்கால் மழை நாளில் மட்டும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. காது மிஷின் விஷயம்: அதை மாட்டினால் மாமா பேசுவது கேட்பதில்லை, பக்கத்து வீட்டு மிக்ஸி மட்டும் கேட்கிறது. அதற்குப் பூட்டிவைப்பதே மேல்.

நான்கு நாள் பெஞ்சில் படுத்தாய் என்பதைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. ஈரத்துணியோடு இருக்காதே. உனக்குச் சின்ன வயசிலேயே சளி நெஞ்சில் கட்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு ஃபாக்டரி ஆஸ்பத்திரிக்கு ஓடியதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இறந்தவரைப் பற்றி எழுதியிருக்கிறாய், பெயரை எழுதவில்லை. பட்டப்பகல் இரண்டு மணிக்கு, தெருவே பார்க்க, தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் கரண்ட் திருடுவாரா? நீ அதைப் பார்த்தாயா, அல்லது சொல்லக் கேட்டாயா? அந்தப் பெட்டியைப் பற்றி முன்னாலேயே யாராவது புகார் கொடுத்திருந்தார்களா? எக்ஸ்சேஞ்சில் எது கெட்டுப்போனாலும் எங்கள் சூப்பர்வைசர் முதலில் புகார்ப் புத்தகத்தைத்தான் கொண்டுவரச் சொல்வார். அந்தப் பழக்கம் விடவில்லை.

ரேவதிக்கும் வர்ஷாவுக்கும் என் அன்பு. தீபாவளிக்கு மாமா அதிரசம் சுடச் சொல்கிறார். யார் தின்பது என்று தெரியவில்லை.

அக்கா
சுலோசனா



காட்டுப்பாக்கம்
12-11-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. எல்லோரும் சுகம். வர்ஷா எனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள். ரேவதியின் இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

இறந்தவர் பெயர் உத்தமன். நாற்பத்துநான்கு வயது. பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தது. பையில் கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தன. மனைவி ஞானம்மாள், பேட்டையிலேயே ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. ஒரே பெண் நிஷா, பிளஸ் டூ படிக்கிறாள்.

எங்கள் நிறுவனம் அந்தக் குடும்பத்தைச் சும்மா விட்டுவிடவில்லை. போன வெள்ளிக்கிழமை அந்தத் தெருவிலேயே பந்தல் போட்டுச் சமூகப் பொறுப்பு விழா நடத்தினோம். செயற்பொறியாளர் ஞானசேகரன் சார் தலைமை. இருநூறு வீட்டுக்கு எல்.இ.டி. பல்பு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, மின்சாரப் பாதுகாப்பு பற்றி ஒரு பேச்சு. கடைசியில் ஞானம்மாளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு தையல் மிஷின் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு ரிப்பன்கூடக் கட்டியிருந்தார்கள்.

அவள் வந்தாள். மிஷினைத் தொடவில்லை. போட்டோக்காரர் அவளைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார். அவள் ஞானசேகரன் சாரைப் பார்த்து, சத்தம் போடாமல்தான் சொன்னாள்: “மிஷினு வேணா சார். எங்க ஊட்டுக்காரு திருடன் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அது போதும்.”

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. சார் சமாளித்து, அம்மா மன வேதனையில் இருக்கிறார் என்று சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டார். மிஷின் திரும்ப அலுவலகத்துக்கே வந்துவிட்டது. இப்போது என் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. மழை இன்னும் இருக்கிறது என்கிறார்கள். அதிரசம் நன்றாக வந்ததா?

அன்புடன்,
ஜெயராமன்



காரைக்குடி
19-11-2024

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இருவரும் நலமே. அதிரசம் பிரிந்து போய்விட்டது. உன் மாமா அதையும் தின்றார்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். பல்பு எத்தனை என்றுகூடச் சொல்லியிருக்கிறாய். புகார் இருந்ததா என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதில் இல்லை.

ஃபிட்டரின் பையில் கட்டிங் பிளேயர் இல்லாமல் என்ன இருக்கும்?

ரேவதிக்கு உப்பைக் குறைக்கச் சொல்.

அக்கா
சுலோசனா



காரைக்குடி
16-12-2024
(அஞ்சலட்டை)

அன்புத் தம்பி,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. எல்லோரும் சுகமா? நான் கேட்டதில் கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. இங்கே நலம்.

சுலோசனா



காட்டுப்பாக்கம்
22-12-2024

அன்புள்ள அண்ணிக்கு,

ரேவதி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணாவும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு வாய்க்குமேல் இறங்குவதில்லை. கேட்டால் ஆபீஸ் விஷயம் என்கிறார். உங்கள் கடிதங்களைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்கப் போடும்போது நான்தான் எடுத்து வைக்கிறேன். பதில் எழுத உட்காருகிறார். தேதியை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்.

போன வாரம் லைன்மேன் ஜேம்ஸ் ஒரு ஃபைலைக் கொடுக்க வந்தார். அவர்தான் வாசலில் நின்று சொன்னார். அந்த ஞானம்மாள் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் கேட்டுக்கு எதிரில் வந்து நிற்கிறாளாம். கத்துவதில்லை, திட்டுவதில்லை. கையில் ஒரு காகிதம். ஒன்பது மணிக்கு வந்து ஒன்பதரைக்குப் போய்விடுவாளாம். உங்கள் தம்பி அந்த அரைமணி நேரம் பின்பக்கச் சுவர் வழியாகத்தான் உள்ளே போகிறார். ஐம்பத்தெட்டு வயதில், அண்ணி, சுவர் ஏறி.

அந்தப் பெண் நிஷாவைப் பள்ளிக்கூடத்தில் கரண்டு திருடன் மகள் என்று கூப்பிடுகிறார்களாம். இரண்டு வாரமாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஜேம்ஸ் சொன்னார். இவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை.

ஜனவரியில் அரசு மின் ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறாராம். இவரும் சாட்சி சொல்ல வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

வணக்கத்துடன்,
ரேவதி



காரைக்குடி
29-12-2024

அன்புத் தம்பி ஜெயராமனுக்கு,

அக்காவின் ஆசிகள். மாமாவுக்கு லேசான ஜுரம் வந்து போய்விட்டது. நான் சுகம்.

இந்தக் கடிதத்தில் உன்னை எதுவும் கேட்கப்போவதில்லை. என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உன் மாமாவுக்கே தெரியாது.

1991-ல் எனக்குக் காலை டியூட்டி. ஆறு மணிக்கு உட்கார்ந்ததும் முதல் வேலை, ஆஸ்பத்திரி, போலீஸ், தீயணைப்பு நிலையம் மூன்றுக்கும் லைன் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல். மாமா வெளியூரில். பக்கத்து வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு லேட்டாக ஓடிவந்தேன். லைனைப் போட்டுப் பார்க்காமலே மூன்றுக்கும் ‘சரி’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் போட்டால் தீயணைப்பு நிலையத்து லைன் செத்துக் கிடக்கிறது. முதல் நாள் விடியற்காலையிலிருந்தே அப்படித்தான் கிடந்திருக்கிறது.

அந்த ஒரு நாளில் ஊரில் எங்கேயும் தீப்பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அது என் நல்ல குணம் இல்லை, ஊருடைய அதிர்ஷ்டம். நான் எழுதிய ‘சரி’யைத் திருத்தவும் இல்லை. ரிட்டயர் ஆனபோது நேர்மையான ஊழியர் என்று எனக்கு மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்.

தீப்பிடித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அதனால் உன்னைப் பார்த்து விரல் நீட்ட எனக்கு உரிமை இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

குளிர் காற்றில் பால்கனியில் உட்காராதே.

அக்கா
சுலோசனா



காட்டுப்பாக்கம்
09-01-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மாமாவின் ஜுரம் விட்டதா? வீட்டில் எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

புகார் இருந்தது. ஒன்றல்ல, மூன்று.

குளக்கரைத் தெருப் பெட்டியின் கதவு ஆகஸ்டிலேயே துருப்பிடித்துக் கழன்று விழுந்துவிட்டது. உள்ளே எல்லாம் திறந்து கிடந்தது. ஞானம்மாள் போனில் புகார் பதிந்தாள். எங்களுக்குப் புகார் செல்பேசியில் வரும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்து மூட வேண்டும். மூடாவிட்டால் அலுவலகத்தின் மதிப்பெண் குறையும். மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்துக் கேட்பார்கள். ஸ்டோரில் கதவு இல்லை. எழுதிக் கேட்டேன், வரும் என்றார்கள். நான் புகாரை மூடினேன். மூடியதும் புகார் கொடுத்தவருக்குச் செய்தி போகும்: ‘உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது. நன்றி.’

செப்டம்பரில் மறுபடி கொடுத்தாள். மூடினேன். அக்டோபர் பத்தாம் தேதி நேரிலேயே வந்தாள். மழை வருமுன் ஏதாவது செய்யுங்கள், பிள்ளைகள் நடக்கிற வழி என்று சொன்னாள். ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த மூன்றாவது புகாரையும் பதிந்து மூடினேன். ஐந்தாவது நாள் உத்தமன் இறந்தார். முழங்கால் தண்ணீரில் கால் வழுக்கியிருக்கிறது. விழாமல் இருக்கப் பெட்டியைப் பிடித்திருக்கிறார்.

மறுநாள் விடிவதற்குள் வேறொரு தெருப் பெட்டியின் கதவைக் கழற்றி இங்கே மாட்டிவிட்டோம். மாட்டச் சொன்னவர் ஞானசேகரன் சார். மாட்டியவன் நான். கதவு போன பெட்டியை ஒரு பழைய விளம்பரத் துணியால் மூடிக் கயிறு கட்டியிருக்கிறேன். அதிலிருந்து சாப்பாடு சரியாக இறங்குவதில்லை.

அவளிடம் அந்த மூன்று செய்திகளும் இருக்கின்றன. காகிதத்தில் அச்சடித்து வைத்திருக்கிறாள். அதை வைத்து நியாயம் கேட்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அதையே நிறுவனம் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. புகார் சரிசெய்யப்பட்டிருக்கிறது, ஆகவே கதவு இருந்திருக்கிறது; கதவு இருந்ததென்றால் அவர்தான் திறந்திருக்க வேண்டும். இதுதான் அறிக்கை. பத்தாம் தேதி நேரில் பார்த்தேன், கதவு பூட்டியிருந்தது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருஷம்தானே இருக்கிறது, ஜெயராமன், நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்றார் சார். மிரட்டவில்லை. தோளில் கைபோட்டுத்தான் சொன்னார்.

அக்கா, நான் அந்த மூன்று செய்தியையும் அனுப்பாமல் இருந்திருந்தால், அவர் வெறும் விபத்தில் இறந்தவராக இருந்திருப்பார். நான் அனுப்பியதால்தான் திருடன் ஆனார். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் இப்படித்தான் வருகிறது.

விசாரணை இருபத்துமூன்றாம் தேதி.

ஜெயராமன்



காரைக்குடி
14-01-2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் வாழ்த்தும் ஆசியும். இங்கே பானை வைத்தோம். சுகம்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது உனக்குத் தெரிந்திருப்பதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும். அந்தத் துணி கட்டிய பெட்டிக்கு இந்தக் கடிதம் கிடைத்த நாளே வழி செய். விசாரணை வரை அது காத்திருக்காது. இன்னொன்று, ரேவதியிடம் நீயே சொல். வேறு யாரும் சொல்லிக் கேட்க வேண்டாம்.

அக்கா
சுலோசனா



காட்டுப்பாக்கம்
02-02-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அதை எழுதும்போது உண்மையிலேயே கொஞ்சம் சுகம்தான்.

உன் கடிதம் வந்த அன்றே ஜேம்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு போய் அந்தப் பெட்டிக்குக் கரண்டை நிறுத்தினேன். பதினோரு வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். துணியை அவிழ்த்து உள்ளே காட்டினேன். அடங்கிவிட்டார்கள். பேட்டையில் ஒரு பட்டறையில் சொல்லி என் பொறுப்பில் ஒரு தகரக் கதவு அடித்து மாட்டினோம். இத்தனை மாதம் ஸ்டோரில் இல்லாத கதவு, அக்கா. அரை நாளில் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் ரேவதியையும் வர்ஷாவையும் உட்காரவைத்துச் சொன்னேன். ரேவதி தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். வர்ஷா கேட்டாள்: “எங்க ஆபீஸ்லயும் டைம் முடியறதுக்குள்ள கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் டிக்கெட்ட மூடுவோம்ப்பா. நானும் மூடியிருக்கேன். நீங்க இது மாதிரி எத்தன மூடியிருப்பீங்க?” எண்ணியதில்லை என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விசாரணை எங்கள் அலுவலக மாடியில் நடந்தது. மின் ஆய்வாளர் ஓர் அம்மாள், நிதானமாகக் கேட்பவர். ஞானசேகரன் சார் என் பக்கத்து நாற்காலியில். ஞானம்மாள் எதிரே, மகளோடு. என் வாக்குமூலத்தைப் படித்துக்காட்டி, இது சரிதானா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை என்றேன். பத்தாம் தேதி நான் அந்தத் தெருவுக்கே போகவில்லை, கதவு ஆகஸ்டிலிருந்தே கிடையாது, புகார்களை மூடியவன் நான், இறந்த பிறகு கதவை மாட்டியவனும் நான் என்று சொன்னேன். எந்தத் தெருவிலிருந்து கழற்றினோம், பெட்டி எண் என்ன எல்லாம் சொன்னேன். குரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை.

சார் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் என்னைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். விசாரணை என் பேரிலும் நடக்கும். நடக்க வேண்டியதுதான். ஞானசேகரன் சாரை வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்வி. அறிக்கையைத் திரும்பப் பெறும்படி ஆய்வாளர் உத்தரவு போட்டிருக்கிறார்.

வர்ஷா நேற்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போது எனக்குப் பிடிக்குமென்று பட்டாணி சுண்டல் வாங்கி வந்தாள். பேசவில்லை. ஆனால் வாங்கி வந்தாள்.

அன்புடன்,
ஜெயராமன்



காரைக்குடி
10-02-2025

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு என் தீயணைப்பு நிலையக் கதையையும் அவரிடம் சொல்லிவிட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் எழுதியிருக்கிறாய். எதிரே உட்கார்ந்திருந்தவள் என்ன செய்தாள் என்று எழுதவில்லை. அவளைப் போய்ப் பார்த்தாயா?

அக்கா
சுலோசனா



காட்டுப்பாக்கம்
18-05-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். உன் கேள்விக்குப் பதில் சேர இத்தனை நாள் ஆயிற்று. நீங்கள் இருவரும் சுகம்தானே? வெயிலில் மாமாவை வெளியே விடாதே.

விசாரணையன்று நான் பேசி முடித்ததும் ஞானம்மாள் எழுந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நன்றியும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. எனக்கு அவள் வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. மார்ச் மாதம் நிறுவனத்திலிருந்து அவளுக்குக் கடிதம் போயிற்று என்று ஜேம்ஸ் சொன்ன பிறகுதான் போனேன்.

வாசலிலேயே நிற்க வைத்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதிகூடச் சொல்லவில்லை, அந்தக் கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். “இதுல அவரு பேரே இல்ல சார். ‘மேற்படி நபர்’னு கீது. யாரு சார் மேற்படி நபரு?” என்றாள்.

படித்துப் பார்த்தேன். ‘மேற்படி நபர் குறித்து முந்தைய அறிக்கையில் கூறப்பட்ட காரணம் திரும்பப் பெறப்படுகிறது.’ அவ்வளவுதான் இருந்தது. நானே உட்கார்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு அவள் ஆறு தடவை தலைமை அலுவலகத்துக்கு அலைந்தாள். ஏப்ரல் கடைசியில் வேறு கடிதம் வந்தது. குளக்கரைத் தெரு உத்தமன் என்று பெயர் போட்டு, அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, பெட்டி பராமரிக்கப்படாததே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். நிஷா அதை ஒரு நகல் எடுத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம் கொடுத்திருக்கிறாள். மார்ச்சிலேயே பரீட்சை எழுதிவிட்டாள். பாஸ்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கல்ல. முதல் நாள் வாசலில், மறுபடி மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “அத்த வெச்சுகினு நான் இன்னா பண்றது சார்? எந்தெந்தப் பொட்டி தெறந்து கீதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? வந்து காட்டுங்க.”

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு அவள் வேலைக்குப் போகுமுன் இரண்டு பேரும் தெருத் தெருவாக நடந்தோம். நான் பெட்டி எண்ணைச் சொல்வேன், அவள் செல்பேசியில் படம் எடுப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று. சில தெருக்களில் என்னை அடையாளம் தெரிந்து திட்டினார்கள். அவள் எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டதும் இல்லை. அவளுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான்கடி முன்னால்தான் நடப்பாள். அது உத்தமனுடைய சைக்கிள். இருபத்துமூன்று பெட்டி சேர்ந்தன. அதில் பதினான்கு நான் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடியவை. பட்டியலை ஆய்வாளர் அம்மாளிடம் கொடுத்தோம். மழைக்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் கதவு போட வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. புதிதாக வந்த செயற்பொறியாளர் தினம் ஒன்று என்ற கணக்கில் போட்டுவருகிறார்.

போன புதன்கிழமை சாயங்காலம் திடீரென்று கோடை மழை. வெளுத்து வாங்கியது. அவளிடமிருந்து போன். “சார், பத்தொம்பதாவது பொட்டிகிட்ட தண்ணி ஏறுது. ஜனங்க நடந்துகினு கீறாங்க.” கடைத்தெரு முனையில் இருக்கும் பெட்டி. மறுநாள்தான் அதற்குக் கதவு போடுவதாக இருந்தது. ஜேம்ஸைக் கூப்பிட்டுக் கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். மெயின் ரோட்டில் மரம் விழுந்து ஜேம்ஸ் மாட்டிக்கொண்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது, பெட்டிக்குப் பத்தடி தள்ளி அவள் சைக்கிளைக் குறுக்கே போட்டு, கையை விரித்துக்கொண்டு மழையில் நின்றுகொண்டிருந்தாள். நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் பக்கம் வந்தவர்களை அவள் எதிர்ப்புறம் அனுப்பினாள். என் பக்கம் வந்தவர்களை நான் அனுப்பினேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் உனக்கென்ன பைத்தியமா என்று என்னைக் கேட்டார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் ஏன் என்றுகூடக் கேட்காமல் திரும்பிப் போனாள். தண்ணீர் எங்கள் இரண்டு பேருடைய கணுக்காலுக்கு வந்து நின்றது.

ஜேம்ஸ் வந்து கரண்டை நிறுத்தி, கொண்டுவந்த கதவை மாட்டிப் பூட்டினான். அவள் பக்கத்தில் போய் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் இழுத்தாள். பிறகு சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, “நாளிக்கி இருபதாவது பொட்டிக்கு வர்றாங்க. ஏழு மணிக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, காலையில் ஆறு மணிக்கு எழுப்பிவிடும்படி ரேவதியிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன் என்று அவள் சொல்கிறாள்.

உன் தம்பி
ஜெயராமன்